பலகைக்கு அந்தப்பக்கம்

பஸ் சன்னலைத் தாராளமாத் தொறந்து வெய்யுங்க தம்பி. வாசம் எங்கிட்டருந்துதான் வருது. நீங்க மூக்கைச் சுளிக்கறது எனக்கே தெரியுது. ஊதுபத்தி இல்லைங்க அது. நான் போன எடத்துல ஒரு பாட்டல்ல எண்ணெய ஊத்தி, அதுக்குள்ள நாலஞ்சு குச்சிய நட்டு வெச்சிருக்கறானுங்க. காத்தாலருந்து அதுக்குப் பக்கத்துலயே என்னைய உக்கார வெச்சுப்போட்டாங்க. சட்டை, வேட்டி, தலமுடி எல்லாத்துலயும் ஏறிப்போச்சு. இதோட ஊட்டுக்குப் போனா ஊட்டுக்காரி என்ன நெனைப்பா? ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான் இப்ப வெனையே.

நீங்களும் கோபிங்களா? குன்னத்தூரா. செரி. அதுவரைக்கும் பேசிக்கிட்டுப் போலாம். தூக்கம் வந்தாச் சொல்லிருங்க, நிறுத்திக்கறேன்.

ஸ்பா ஸ்பாங்கறாங்களே, போயிருக்கீங்களா? போகாதீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சுன்னாப் போகவே போகாதீங்க. எந்தக் கடைன்னு பேரு சொல்ல மாட்டேன், சொன்னாக் கேஸு போடுவானுங்க. எனக்கு அதெல்லாம் தெரியும், கோர்ட்டுலயே இருந்தவன் நானு. வக்கீலான்னு கேக்காதீங்க. டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்க சிவப்புப் பட்டை, அதுல பித்தளை வில்லை. ஜட்ஜய்யா வர்றதுக்கு முன்னால ஹாலுக்குள்ள போயி ஒரு கொரல் குடுப்பேன் பாருங்க, அவ்வளவு சனமும் கப்சிப். சாட்சி பேரைக் கூப்புட்டா டீக்கடைல நிக்கறவன் டம்ளரை வெச்சுப்போட்டு ஓடியாருவான். ரிட்டயர்டாகி ஆறு வருசம் ஆச்சு, கொரல் மட்டும் ரிட்டயர்டாகல.

என்ற மக மிருதுளா பெங்களூர்ல இருக்கறா. எங்க கல்யாண நாளுக்கு அவதான் இந்த ஏற்பாட்டைப் பண்ணுனா. "அப்பா, நீங்களும் அம்மாவும் கோயமுத்தூர் போயி ஒரு நாள் பூரா நிம்மதியா இருந்துட்டு வாங்க, நான் எல்லாம் புக் பண்ணியாச்சு"ன்னா. நிம்மதிக்கு எதுக்குக் கோயமுத்தூர் போகோணும்? ஊட்ல இல்லாத நிம்மதியா? பெத்த அம்மணி ஆசைப்பட்டுச் செய்யுதேன்னு ஒத்துக்கிட்டேன்.

ஆனா பாருங்க, அவ புக் பண்ணுனது சனிக்கெழமை. எனக்குச் செரி. ஆம்பளைக்குச் சனியும் புதனும். பொம்பளைக்குச் செவ்வாயும் வெள்ளியும். எண்ணெய் தேச்சுக்கறதுக்கு இதுதானுங்களே கெழமை? எங்கூட்ல இது தப்புனதே இல்ல. அதை மககிட்டச் சொன்னா, "அப்பா, அது எண்ணெய்க் குளியல் இல்லப்பா, ஸ்பா"ங்கறா. ஒடம்பு பூரா எண்ணெயத் தேச்சு, ஊற வெச்சு, தண்ணி ஊத்துனா அதுக்குப் பேரு வேற என்னன்னு கேட்டேன். போனை வெச்சுட்டா.

செரி, போறதுதான் போறோம், முறையாப் போவமுன்னு செக்குல ஆட்டுன நல்லெண்ணெய், அரைச்ச சீயக்கா, ஒரு தூக்குப்போசில மொளகு ரசம் எல்லாம் கட்டி எடுத்துக்கிட்டேன். என்ற ஊட்டுக்காரி சம்பூரணம் இருக்கறாளே, அவ பச்சைச் சேலை கட்டிக்கிட்டா. விசேசத்துக்குக் கட்டறது. நேரமே எந்திரிச்சுத் தலைசீவிப் பூ வெச்சுக்கிட்டா. தலைக்கு எண்ணெய் வெக்கப் போறவளுக்கு எதுக்குப் பூவுன்னு கேட்டேன். எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுட்டா.

அங்க போனாச் செருப்பைக் கழட்டுங்கறான். செரி. போனைக் குடுங்கறான். எதுக்குடா? வெளியுலகத் தொந்தரவு இருக்கக் கூடாதாம். நான் என்ன சந்நியாசம் வாங்கவா வந்தேன்? அப்பறம் கண்ணாடி டம்ளர்ல சில்லுனு தண்ணி குடுத்தாங்க. அதுல வெள்ளரிக்கா மெதக்குது. எண்ணெய் தேச்சுக்கப் போறவனுக்கு ஐஸ்தண்ணி குடுக்கறானே, சளி புடிச்சா எவன் பாக்கறது? நான் தொடல. திரும்பிப் பாத்தா, சம்பூரணம் முழுசாக் குடிச்சுப்போட்டு வெள்ளரிக்காயத் தின்னுக்கிட்டு இருக்கறா.

நான் கொண்டுபோன எண்ணெயப் பாத்துட்டு மேனேஜர் அம்மா சிரிக்குது. "சார், எங்ககிட்ட எல்லாம் இருக்குது"ங்குது. என்ன இருக்குது? மோந்து பாத்தேன், பூவு வாசம், சோப்பு வாசம். எள்ளு வாசமே இல்ல. என்ற எண்ணெயத்தான் தேய்க்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னு ஒத்துக்க வெச்சேன். ரசத்தை வாங்கி ஃபிரிட்ஜுல வெச்சுப்போட்டாங்க. ரசத்தைத் தம்பி! ஃபிரிட்ஜுல!

அடுத்தது இன்னும் கேவலம். ஒரே ரூம்பு. ரெண்டு கட்டலு பக்கத்துப் பக்கத்துல. புருசனும் பொண்டாட்டியும் அதுல படுத்துக்கிட்டு, ஆளுக்கொருத்தர் தேச்சுவுடுவாங்களாம். "கப்பிள் ரூம் சார், உங்க மக இதுக்குத்தான் பணம் கட்டியிருக்காங்க"ங்குது அந்த அம்மா. வெக்கம் மானம் இருக்கறவன் பண்ற காரியமுங்களா இது? பேரன் பேத்தி எடுத்தாச்சு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். தனித்தனியாக் குடு, ஆம்பளைக்கு ஆம்பளை, பொம்பளைக்குப் பொம்பளைன்னேன். சம்பூரணம் அந்த ரூம்பு வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. கட்டலு மேல ரோசாப்பூவப் பிச்சுப் போட்டு வெச்சிருந்தானுங்க. "பூவு நல்லாருக்குதுங்க"ன்னா. "நட புள்ள"ன்னு கூட்டியாந்தேன்.

அவளை எந்த ரூம்புல உட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. இதைக் குறிச்சு வெச்சுக்குங்க. எங்கிட்ட யாரும் சொல்லல. அவளை ஒரு பொண்ணு கூட்டிக்கிட்டு அந்தச் சந்துல போச்சு, என்னை ஒருத்தன் இந்தச் சந்துல கூட்டிட்டுப் போனான். ரெண்டு சந்தும் அந்தால போயிக் கூடுதுன்னு எனக்கெப்படித் தெரியும்?

என்னைத் தேச்சவன் மலையாளத்துக்காரன். சாபுன்னு பேரு. ஆளு நல்லாத் தாட்டியாத்தான் இருந்தான், கையில வலுவே இல்ல. பூனையத் தடவற மாதிரித் தடவறான். "அழுத்துப்பா"ன்னா "ரிலாக்ஸ் சார்"ங்கறான். செரி, எதாச்சும் பேசிக்கிட்டாவது கெடப்பமுன்னு கோர்ட்டுக் கதை ஒண்ண ஆரம்பிச்சேன். அதுக்கு அவன் சொல்றான், "பேசாம இருந்தா ஒடம்புக்கு நல்லது சார்"னு. ஊரையே பேசாம இருக்க வெச்ச ஆளுகிட்டச் சொல்றானுங்க! அதுக்கு மேல ஒரு பொட்டியில தண்ணி சொட்டற சத்தத்தை வேற போட்டு உட்டிருக்கறான். கொழாய் ஒழுகற மாதிரி. ஊட்ல கொழாய் ஒழுகுனா ஆள் கூப்புட்டு அடைப்போம், இங்க காசு குடுத்துக் கேக்கோணும்.

அப்பத்தாங்க அந்தச் சிரிப்பு.

பக்கத்து ரூம்புல. நடுவுல செவுரு இல்லைங்க தம்பி, பலகை. வெறும் பலகை. மேல காயிதம் ஒட்டிச் செவுரு மாதிரிக் காட்டியிருக்கறானுங்க. அந்தப்பக்கம் ஒரு பொம்பளை சிரிக்குது. சிரிப்புன்னா எப்படி? சும்மா வாயோட சிரிக்கறதில்ல, அடிவயித்துலருந்து கெளம்பி வருது. கொஞ்சம் அடங்கும், அப்பாடா அடங்கிருச்சுன்னு பாத்தா மறுபடியும் கெளம்பும். மூச்சு வாங்குது, விக்கல் எடுக்குது, அப்பவும் நிக்கல. எவ பெத்த புள்ளையோ, இப்படி அடக்கமில்லாம சிரிக்குதே, இதையெல்லாம் கட்டிக்கிட்டவன் என்ன பாடுபடறானோன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தாங்க நெனச்சேன்.

சாபுகிட்டச் சொன்னேன், போயி நிறுத்தச் சொல்லுன்னு. அவன் முழிக்கறான். "சார், அது வந்து"ங்கறான். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. தெரிஞ்சும் சொல்லல. நான் எந்திரிச்சு உக்காந்தேன், பலகையில ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டுனேன், கோர்ட்டுல குடுக்கற கொரலையே குடுத்தேன். "யாரும்மா அது? நாலு பேரு இருக்கற எடத்துல அடக்கமாச் சிரிக்கத் தெரியாதா? வாய மூடு!"ன்னேன்.

நின்னுபோச்சு. சுவிச்ச அமத்துன மாதிரி. எனக்கு அவ்வளவு திருப்தி, பொய் சொல்லக் கூடாதல்ல. இத்தனை வருசம் கழிச்சும் கொரலுக்கு மருவாதி இருக்குதேன்னு மறுபடியும் படுத்தேன்.

எல்லாம் முடிஞ்சு முன்னால ஹாலுக்கு வந்தேன். சம்பூரணம் முன்னாலயே வந்து உக்காந்திருக்கறா. ஒடம்பெல்லாம் மினுமினுன்னு, தலையக் குனிஞ்சுக்கிட்டு. நான் நேரா மேனேஜர் அம்மாகிட்டப் போயி, "என்னம்மா நடத்தறீங்க, பக்கத்து ரூம்புல ஒரு பொம்பளை அந்தக் கூத்தடிக்குது, கேக்கறதுக்கு ஆளில்லையா"ன்னு சத்தம் போட்டேன். வந்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. அந்த அம்மா என்னையப் பாக்குது, சம்பூரணத்தைப் பாக்குது, மறுபடியும் என்னையப் பாக்குது. "சார், பக்கத்து ரூம்ல மேடம்தான் இருந்தாங்க"ன்னுது.

சம்பூரணம் எந்திரிச்சு வந்தா. எங்கிட்ட, அத்தனை பேரு முன்னாலயும், மெதுவாச் சொல்றா. "தெரியாமச் சிரிச்சுப்போட்டனுங்க. இனிமேலுக்குச் சத்தம் வராதுங்க."

நீயான்னேன். தலையாட்டுனா. நீ எப்படி அப்படிச் சிரிப்பன்னேன். முப்பத்தஞ்சு வருசமா ஒரே ஊட்ல இருக்கறோம், நான் கேட்டதே இல்லையே! எங்கூட்ல சிரிக்காம இல்லைங்க, சிரிப்பா, முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்புன்னா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேனா? எனக்குத் தெரியாத சிரிப்பை அவ சிரிச்சா அதுக்கு நானா பொறுப்பு? செவுத்தை ஒழுங்காக் கட்டியிருந்தா எனக்குக் கேட்டே இருக்காதல்ல? பலகைய வெச்சுக் கடை நடத்துனா? சொல்லுங்க தம்பி, யாரு தப்பு?

அதோட போச்சுன்னா நான் இன்னைக்கு மறுபடியும் கோயமுத்தூர் வந்திருக்க மாட்டேன். ஊட்டுக்குப் போன மக்யா நாள் காத்தால மிக்சி போடறா. போடறதுக்கு முன்னால வந்து நின்னு, "ஏனுங்க, மிக்சி போட்டாச் சத்தமா இருக்குமுங்களா?"ங்கறா. இருக்காதா பின்ன, மிக்சின்னாச் சத்தம் போடத்தான செய்யும், போடுன்னேன். சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, மேல ஒரு துண்டைப் போத்தி ஓட்டறா. பொழுதோட நாடகம் பாக்க உக்காந்தா. டி.வி.ல சத்தத்தையே வெக்கல. ஆளுங்க வாயி மட்டும் அசையுது, அவ பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கறா. "ஏம்புள்ள, ஊமைப்படமா பாக்கற?"ன்னேன். "கதை புரியுதுங்க"ங்கறா.

கோவமா இருந்தாத் திட்டலாம். அழுதா ஒரு சேலை எடுத்துக் குடுக்கலாம். இவ நல்லபடியாத்தான் இருக்கறா. சோறு போடறா, மாத்திரை எடுத்துக் குடுக்கறா. ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி, சத்தமா இருக்குதுங்களா, தொந்தரவா இருக்குதுங்களான்னு. ஏனம் வெளக்கறது கேக்கறதில்ல. டம்ளரை வெச்சா வெச்சதே தெரியறதில்ல. எதுத்தூட்டுப் புஸ்பா வந்தா ரெண்டு பேரும் வாசல் கேட்டுக்கிட்ட நின்னு குசுகுசுன்னு பேசறாங்க, நான் வெளிய வந்தா அதுவும் நின்னுருது. "சத்தம் போடு புள்ள, நான் ஒண்ணுஞ் சொல்லல"ன்னு நானே வாயத் தொறந்து சொன்னேன். "எதுக்குங்க?"ங்கறா.

ஊட்டுக்குள்ள உக்காரவே பயமா இருக்குதுங்க தம்பி. அவ இருக்கறாளா இல்லையான்னு அடிக்கடி எந்திரிச்சுப் போயிப் பாக்கறேன். இருக்கறா. அரிசி பொடைச்சுக்கிட்டுத்தான் இருக்கறா, அதுவும் சத்தமில்லாம.

அதான் இன்னைக்குக் கெளம்பி வந்துட்டேன். பென்சன் ஆபீசுக்குப் போறேன்னு அவகிட்டச் சொன்னேன். நேரா அந்த ஸ்பாவுக்குப் போயி, அன்னைக்கு அவளுக்கு என்னத்தைப் பண்ணீங்க, என்னத்தைச் சொல்லிச் சிரிக்க வெச்சீங்க, அது எனக்குத் தெரிஞ்சாகோணும்னு கேட்டேன். நல்லா இருந்த பொம்பளையக் கூட்டியாந்தேன், இப்படித் திருப்பிக் குடுத்திருக்கறீங்களேன்னு கேட்டேன். மேனேஜர் அம்மா ஒரு கூப்பனை நீட்டுது. அடுத்த தடவை காலுக்கு மசாஜ் இலவசமாம். கிழிச்சுப் போட்டேன். அவளைத் தேச்ச அந்தப் பொண்ணைக் கூப்புடு, இல்லாட்டி நான் நகர மாட்டேன்னு அந்தக் குச்சிப் பாட்டலுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன்.

மத்தியானத்துக்கு மேலதான் வந்துது. ரெஜினாவாம், குன்னூர்ப் பக்கம். என்னையப் பாத்ததும் பயந்துக்கிச்சு. "என்னம்மா சொன்ன அவகிட்ட? என்னையப் பத்தி எதாச்சும் பேசுனீங்களா?"ன்னேன். எனக்கு அந்தச் சந்தேகம் இருந்துச்சுங்க. ராவும் பகலும் அதேதான். எவகிட்டயோ என்னைய வெச்சுச் சிரிச்சிருக்கறாளோன்னு.

அந்தப் பொண்ணு சொல்லுது, "ஒண்ணும் பேசல சார். அம்மாவுக்கு உள்ளங்கால் கூச்சம். தொட்டதும் சிரிப்பு வந்துருச்சு. உங்களுக்குத் தெரியுமே சார்"னு.

தெரியும்னேன். ஆமா, வேறென்ன சொல்றது? அந்தப் புள்ளைகிட்டப் போயித் தெரியாதுன்னா சொல்லுவாங்க?

எனக்கெப்படிங்க தெரியும்? பொண்டாட்டி காலை எவனாச்சும் தொடுவானா? நோம்பி நாள்ல அவ என்ற காலைத் தொட்டுக் கும்புடுவா, அதுதான் முறை. நான் தொட்டது ஒரே ஒருக்கா, கல்யாணத்தன்னைக்கு, அம்மி மேல வெச்சு மெட்டி போடறப்ப. அப்பவும் வெடுக்குனு காலை இழுத்துக்கிட்டா. ஒறம்பரையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மருவாதி தெரியாத புள்ளையத் தலையில கட்டிட்டாங்களேன்னு நெனச்சுக்கிட்டே காலை இறுக்கிப் புடிச்சு மாட்டி உட்டேன். அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?

இதுல இன்னொண்ணும் சொல்லுது அந்தப் பொண்ணு. "கூசுதுன்னதும் நான் நிறுத்திட்டேன் சார். அம்மாதான் இன்னொருக்கா பண்ணு கண்ணுன்னாங்க. மறுபடி மறுபடி கேட்டாங்க. நல்லா இருக்குதுன்னாங்க. அப்பத்தான் நீங்க..." அப்படின்னு நிறுத்திக்கிச்சு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! கூச்சங்காட்டறதுக்கா கடை தொறந்து வெச்சிருக்கீங்க, இது ஒரு வைத்தியமா, இதுக்கு ஒரு காசான்னு கண்டமேனிக்குப் பேசிப்போட்டு வெளிய வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு நானே பேசிக்கிட்டே வந்தேன். இப்பவும் பாருங்க.

இருங்க, போனு. அவதான்.

ஆ, சொல்லு. வந்துக்கிட்டு இருக்கறேன். அவினாசி தாண்டியாச்சு. என்ன? கேக்கல. சத்தமாப் பேசு. ஏனுங்க அம்மா, பின்னால கொஞ்சம் பேசாம வாங்க, மனுசன் போன் பேசறான்ல. ஆ, இப்பச் சொல்லு. ஒண்ணும் வாங்க வேண்டாமா? செரி. ஏ சம்பூரணம். உனக்கு உள்ளங்கால் கூசுமா? சும்மாத்தான் கேட்டேன். கூசுமா கூசாதா? ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் கேக்கலையா. செரி உடு, அதை உடு. இப்ப ஒருக்கா சிரி. போன்லதான். அன்னைக்கு அங்க சிரிச்சியல்ல, அந்த மாதிரி. புஸ்பா இருந்தா இருந்துட்டுப் போறா, அவ என்ன நெனைச்சா உனக்கென்ன? நான் சொல்றனல்ல, சிரி. சிரின்னாச் சிரி புள்ள!

வெச்சுட்டா.

என்ன சொன்னாளா? "செரிங்க"ன்னா. செரிங்கன்னு சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் லைன்லயே இருந்தா. நான் காதோட அழுத்தி வெச்சுப் பாத்தேன், நீங்க பாத்தீங்களே. ஒண்ணுமே கேக்கல. சிரிக்கவே இல்லையோ என்னமோ. இல்ல, சிரிச்சும் இருப்பா தம்பி. எனக்குக் கேக்காமச் சிரிக்கறதுக்கு அவளுக்குத் தெரியும்.